தோட்ட ஆபீசுக்கும் இரண்டாம் டிவிஷனுக்கும் நடுவே 4 கிலோமீட்டர்: இது லானா, வானா?

#1 மாலைவகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் நகரை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில், வாரத்தில் மூன்று மாலைகள் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வகுப்பு நடத்தி வருகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை கணினி வலையமைப்பின் வகைகளைச் சொல்லிக் கொடுத்தேன். ஓர் அறைக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ இருப்பது லான், ஒரு நகரத்தை இணைப்பது மான், மாநிலங்களையும் நாடுகளையும் இணைப்பது வான் என்று, நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லித் தந்தபடியே, பலகையில் மூன்று வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து காட்டினேன்.

அப்போது படிவம் நான்கில் படிக்கும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அப்பா வேலை செய்யும் தோட்ட ஆபீசிலிருந்து இரண்டாம் டிவிஷன் ஆபீஸ் 4 கிலோமீட்டர். அங்கே இருக்கும் கணினியிலிருந்து இங்கே இருக்கும் பிரிண்டரில் அச்சடிக்கிறார்கள். நடுவில் செம்பனையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அது கட்டடமும் இல்லை, நகரமும் இல்லை. அது எந்த வட்டம்?" என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. அடுத்த வகுப்பில் சொல்வதாகக் கூறி அமர வைத்தேன். வட்டங்களின் எல்லை எத்தனையாவது மீட்டரில் தொடங்குகிறது என்று தேடிப் பார்த்ததில், ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்கள். துறையில் இருப்பவர்கள் இதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

#2 ஈப்போ கம்பிக்காரர்

வணக்கம் டீச்சர். இருபது ஆண்டுகளாகப் பேராக் மாநிலத்தில் கேபிள் இழுக்கும் வேலையில் இருக்கிறேன். விடை சொல்வதற்கு முன் இரண்டு செய்திகள் வேண்டும். அந்த 4 கிலோமீட்டரையும் இணைப்பது எது, செம்புக் கம்பியா, ஃபைபரா, ரேடியோவா? அது யாருடையது? இரண்டாம் கேள்விதான் எனக்கு முக்கியம்.

#3 மாலைவகுப்பு ஆசிரியை

மாணவியின் தந்தையிடம் கேட்டேன். முன்பு இரண்டு ஆபீசின் கூரையிலும் சிறிய தட்டு போன்ற ரேடியோ இருந்ததாம். இப்போது தோட்டத்தின் சொந்த மின்கம்பங்களிலேயே ஃபைபர் கேபிள் கட்டியிருக்கிறார்கள். செலவு முழுவதும் தோட்டத்தினுடையது. அவர் தாமாகவே இன்னொன்றும் சொன்னார். மூன்றாம் டிவிஷன் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், ஒன்றரை கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மட்டும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் மாத வாடகைக்கு இணைப்பு எடுத்திருக்கிறார்கள்.

#4 ஈப்போ கம்பிக்காரர்

உங்கள் விடை அவர் தாமாகச் சொன்ன அந்தச் செய்தியிலேயே இருக்கிறது டீச்சர். 4 கிலோமீட்டரில் உள்ள இரண்டாம் டிவிஷன் லானைச் சேர்ந்தது. ஒன்றரை கிலோமீட்டரில் உள்ள மூன்றாம் டிவிஷன் வானைச் சேர்ந்தது.

நான் வேலைக்கு இறங்கும்போது தூரத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். நிலம் யாருடையது, கம்பம் யாருடையது, அறுந்து போனால் ஏணியை எடுத்துக்கொண்டு போக வேண்டியவர் யார் என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. இரண்டாம் டிவிஷன் வரையில் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு மட்டை விழுந்து கேபிள் அறுந்தால் தோட்டமே ஆளை அழைத்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் டிவிஷனுக்குப் போகக் கூட்டரசுச் சாலை 1-ஐக் கடக்க வேண்டும். அந்தச் சாலைக்கு மேலேயோ கீழேயோ கேபிள் போட அனுமதி வாங்கி, அதன் பிறகு அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்பதைவிட, ஏற்கெனவே அங்கே கேபிள் வைத்திருப்பவரிடம் வாடகைக்கு எடுப்பது சுலபம். எந்த இடத்தில் நம் கை நின்று இன்னொருவர் கை தொடங்குகிறதோ, அந்த இடத்தில் லான் முடிகிறது.

மலாய்ப் பெயரைக் கவனித்துப் பாருங்கள். ரங்காயான் காவாசான் செத்தெம்பாட். செத்தெம்பாட் என்றால் அந்த இடத்தைச் சேர்ந்தது என்று பொருள். சிறியது என்று பொருள் இல்லை. தமிழில் சிலர் குறும்பரப்பு வலையமைப்பு என்று எழுதுவதால்தான் பிள்ளைகள் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளிட வலையமைப்பு என்பது இன்னும் பொருத்தமான சொல்.

#5 பாக்கெட் காவலர்

சுங்கை சிப்புட்டில் பிறந்து, இப்போது பெட்டாலிங் ஜெயாவில் வலையமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். கம்பிக்கார அண்ணன் சொல்லும் உடைமை என்ற அளவுகோலைப் பாதி ஏற்கிறேன். ஆனால் தூரம் என்ற அளவுகோல் பொருளற்றது என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. அது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. அதன் காரணம் மிக அழகானது.

1973-இல் கலிஃபோர்னியாவில் உள்ள செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், லானில் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் என்ற முறையை முன்மொழிந்தார். அவரும் டேவிட் பாக்ஸும் அதை உருவாக்கினார்கள். கருத்தின் ஒரு பகுதி ஹவாயிலிருந்து வந்தது. அங்கே 1971-இல் நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு, தீவுகளுக்கிடையே ரேடியோவால் கணினியை இணைத்திருந்தது. கடலைக் கடந்து பேசிய முறைதான் ஒரே கட்டடத்துக்குள் பேசும் முறைக்கு வித்திட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிந்தால் மகிழ்வார்கள்.

அந்தக் காலத்து ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில் தொங்கின. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல் ஏற்படும். தான் அனுப்பியது மோதியது என்பதை, அனுப்பி முடிப்பதற்குள் அனுப்புகிற கணினி அறிந்தாக வேண்டும். அறிந்தால்தான் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, மீண்டும் அனுப்ப முடியும். மிகச் சிறிய செய்தித் துண்டு 64 பைட், அதாவது 512 பிட். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்பி முடிக்க 51.2 மைக்ரோநொடி ஆகும். கம்பியின் கடைக்கோடி வரை சமிக்ஞை போய், மோதல் செய்தி திரும்பி வருவது அந்த நேரத்துக்குள் நடக்க வேண்டும். இடையில் உள்ள கருவிகளின் தாமதத்தையும் கழித்துக் கணக்கிட்டால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 2.5 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஆகவே 1980-களில் லானின் எல்லையை வகுத்தது இயற்கைதான்.

சுவிட்சு என்ற வலையமைப்புக் கருவி வந்து, ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாதை கிடைத்து, அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கியதும் மோதலே இல்லாமல் போயிற்று. மோதல் போனதும் அந்த 2.5 கிலோமீட்டர் வேலியும் போயிற்று. மிஞ்சிய கேள்வி, ஒளி எவ்வளவு தூரம் மங்காமல் போகும் என்பது மட்டுமே. இன்று ஒற்றைமுறை ஃபைபரில் நொடிக்கு 1 கிகாபிட் ஈதர்நெட், சாதாரணக் கருவியைக் கொண்டே 10 கிலோமீட்டர் வரை போகிறது. அந்தத் தோட்டத்தில் நடப்பது இதுதான். ஒளி ஃபைபரில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோநொடி போதும். இரண்டாம் டிவிஷன் 20 மைக்ரோநொடித் தொலைவில் இருக்கிறது.

நான் ஏற்காத மற்றப் பாதி இது. ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருந்தாலும், நடுவில் ரவுட்டர், அதாவது ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டும் கருவி, இருந்தால் அவை இரண்டு வலையமைப்புகள். ஒரு கணினி "இந்த முகவரிக்கு உரியவர் யார்?" என்று கூவும்போது, அந்தக் குரல் எதுவரை கேட்கிறதோ அதுவரைதான் ஒரு லான். ஆசிரியை அவர்கள் இரண்டு ஆபீசிலும் உள்ள கணினி முகவரிகளைக் கேட்டுப் பார்க்கலாம். வழக்கமான அமைப்பில், 192.168.10 என்று இரண்டும் ஒன்றுபோலத் தொடங்கினால் ஒரே லான். மூன்றாம் எண் மாறினால் இரண்டு.

#6 மாலைவகுப்பு ஆசிரியை

கேட்டுவிட்டேன். இரண்டும் 192.168.10 என்றே தொடங்குகின்றன. மூன்றாம் டிவிஷனில் அந்த எண் 30.

#7 பாக்கெட் காவலர்

அப்படியானால் அண்ணனும் நானும் வெவ்வேறு வழியில் ஒரே விடைக்கு வந்திருக்கிறோம்.

#8 பழைய கிராணி

தம்பிமார்களின் விளக்கம் நன்றாக இருக்கிறது. நான் கணினியே இல்லாத காலத்தில் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, சேர்ந்தவன். உடைமையைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் தோட்டத்தில் பெரிய துரையின் பங்களா, ஆபீஸ், ஸ்டோர், மருந்தகம் ஆகியவற்றுக்கிடையே கைப்பிடி சுற்றும் தொலைபேசி இருந்தது. அந்தக் கம்பி தோட்டத்துக் கம்பி. மழையில் அறுந்தால் எங்கள் ஆளே கட்டுவார். ஈப்போவுக்குப் பேச வேண்டுமென்றால் ஆபீஸ் மேசையில் இருந்த இன்னொரு கருவியைத்தான் எடுக்க வேண்டும். அது டெலிகாம்ஸ் எனப்பட்ட தொலைத்தொடர்பு இலாகாவின் கருவி, அதன் பில் மாதந்தோறும் வரும். ஒரே மேசையில் இரண்டு தொலைபேசிகள் ஏன் என்று அன்று நான் யோசித்ததில்லை. இன்று கம்பிக்காரத் தம்பி எழுதியதைப் படித்தபோது, ஒன்று லான், மற்றொன்று வான் என்று விளங்கியது.

பிறகு 1990-களின் இறுதியில் ஒரு கணினியும் மோடமும் வந்தன. 1515 என்ற எண்ணைச் சுழற்றி, அந்தக் கீச்சொலி அடங்கும்வரை காத்திருந்து, மாதக் கணக்கைக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். அனுப்பிக்கொண்டிருக்கும்போது யாராவது தொலைபேசியை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவின் பக்கங்கள் முழுவதும் மீண்டும் முதலிலிருந்து போக வேண்டும். சம்பளத்துக்கு முந்திய நாளில் அப்படி நடந்தால் எத்தனை வீடுகள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்ற அச்சத்தில், ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் அனுப்புவேன்.

ஒரு சந்தேகம். லானையும் வானையும் பற்றிப் பேசினீர்கள். நடுவில் இருக்கும் மான் எங்கே போயிற்று?

#9 பாக்கெட் காவலர்

ஐயா, உண்மையைச் சொன்னால் மான் என்ற சொல் பாட நூலில் இருக்கும் அளவுக்கு வேலையிடத்தில் இல்லை. 1990-இல், தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐ.இ.இ.இ. அமைப்பு 802.6 என்ற எண்ணில் மாநகர் வலையமைப்புக்கென்றே ஒரு தரத்தை வெளியிட்டது, அது நிலைக்கவில்லை. ஈதர்நெட்டே தூரம் போகக் கற்றுக்கொண்டதும் அதற்குத் தேவை குறைந்தது. இன்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நகரம் முழுவதும் ஈதர்நெட்டை வாடகைக்கு விடுகின்றன. மெட்ரோ ஈதர்நெட் என்ற அந்தச் சேவையில்தான் மானின் பெயர் வாழ்கிறது. ஈப்போவில் ஒரு வங்கியின் கிளைகளை இணைப்பதற்கு அது பொருந்தும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வரி போதும்.

#10 களப்பணி உதவியாளர்

நான் வேறொரு தோட்டத்தில் களப்பணி பார்ப்பவன். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, அந்தக் கூரைத் தட்டு ரேடியோவை ஏன் கைவிட்டிருப்பார்கள் என்பது. எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தது. மறுநடவு முடிந்து கன்றுகள் இடுப்பளவு இருந்தபோது, கண்ணுக்கு எட்டிய தூரம் வெளியாக இருந்ததால் இணைப்பு அருமையாக வேலை செய்தது. செம்பனை ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வளர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இணைப்பு மங்கியது. உச்சியை மட்டும் தாண்டினால் போதும் என்று எண்ணிக் கம்பத்தைச் சற்று உயர்த்தினோம், பயனில்லை. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை என்பதையும், நேர்கோட்டைச் சுற்றிலும் அதற்கு இடம் வேண்டும் என்பதையும் அப்போதுதான் எங்களுக்கு ஒருவர் விளக்கினார். 5.8 கிகாஹெர்ட்ஸில் 4 கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுவழியில் அந்த இடத்தின் ஆரம் ஏறக்குறைய 7 மீட்டர். அதில் பாதிக்கு மேல் இலை மறைத்தால் இணைப்பு தள்ளாடும். இலையில் உள்ள நீர் அலையை உறிஞ்சுவதால் மழை நாளில் இன்னும் மோசமாகும். இரப்பர் மரமாவது ஆண்டுக்கொரு முறை இலை உதிர்த்து வழிவிடும். செம்பனை அப்படி உதிர்ப்பதே இல்லை.

இரண்டாவது, கம்பிக்கார அண்ணனுக்கு ஒரு மறுப்பு. எங்கள் தோட்டத்தில் மழைமானிகளையும் வடிகால் நீர்மட்டக் கருவிகளையும் லோரா என்ற முறையில் இணைத்திருக்கிறோம். 923 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், மிகக் குறைந்த வேகத்தில், சில கிலோமீட்டர் தூரத்திலிருந்து அவை ஆபீஸ் கூரையில் உள்ள ஒரே கருவிக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரு மின்கலம் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. எல்லாம் தோட்டத்துச் சொத்து, யாருக்கும் வாடகை இல்லை. ஆனால் அதன் பெயரிலேயே வான் இருக்கிறது. லோராவான் என்றுதான் அழைக்கிறார்கள். உடைமைதான் அளவுகோல் என்றால் அதை லான் என்றல்லவா அழைக்க வேண்டும்?

#11 ஈப்போ கம்பிக்காரர்

இந்த மறுப்பு சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். லோராவின் பெயர் தூரத்தைப் பார்த்து வைத்த பெயர். ஒரே சொல்லை இரண்டு கூட்டத்தார் இரண்டு காரணங்களுக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லிவிடலாம். தேர்வுத் தாளில் தூரத்தை எழுதட்டும், அது தவறாகிவிடாது. ஆனால் தோட்டத்திலோ கடையிலோ நாளை ஒரு வலையமைப்பை அமைக்கும்போது, யார் கையில் எது என்று முதலில் கேட்கட்டும்.

ஃபைபரைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு தோட்ட ஆபீசுக்கும் அதன் ஸ்டோருக்கும் இடையே செம்புக் கேபிளை வெளியில் இழுத்துக் கட்டினேன். 80 மீட்டர்தான், 100 மீட்டர் வரம்புக்கு உட்பட்டது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதத்தில் ஒரு மாலை மின்னல். நேரடியாக விழவில்லை, அருகே எங்கேயோ விழுந்தது. இரண்டு முனையிலும் இருந்த சுவிட்சுகளும் இரண்டு கணினிகளும் கருகின. ஒரு கணினியில் தொழிலாளர்களின் வருகைப் பதிவு இருந்தது. அதைத் திரும்ப எழுத அந்தக் கிராணி இரண்டு இரவுகள் கண் விழித்தார். நானும் உடன் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. அன்று முதல் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்கு, பத்து மீட்டராக இருந்தாலும், உலோகமே இல்லாத ஃபைபரைத்தான் போடுகிறேன்.

#12 படிவம் நான்கு

வணக்கம். கேள்வி கேட்ட மாணவி நான்தான். டீச்சர் இந்தப் பக்கத்தைக் காட்டினார். அண்ணன்மாரிடம் இன்னும் இரண்டு கேள்விகள். வீட்டில் வைஃபை இருந்தும் சில நேரம் இணையம் வருவதில்லை. வைஃபையும் இணையமும் ஒன்றில்லையா? அடுத்து, அப்பாவின் ஆபீசிலிருந்து கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தின் கோப்புகளைத் திறக்கிறார்கள். அவ்வளவு தூரம் தோட்டம் கம்பி போட்டிருக்க முடியாதே?

#13 பாக்கெட் காவலர்

தங்கைக்கு வணக்கம். உன் முதல் கேள்வியால்தான் இவ்வளவு பேரும் எழுதினோம்.

வைஃபை என்பது கம்பியில்லாத லான். 1997-இல் 802.11 என்ற எண்ணில் அதன் முதல் தரம் வந்தது. உன் கைப்பேசிக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையே உள்ள அந்தச் சிறு தூரம் மட்டுமே வைஃபை. ரவுட்டருக்கு வெளியே கம்பி அறுந்திருந்தால், வைஃபைக் குறி நிறைந்திருக்கும், இணையம் இருக்காது. அப்போதும் உன் கைப்பேசியிலிருந்து வீட்டுப் பிரிண்டருக்கு அச்சடிக்கலாம், செய்து பார். காதில் மாட்டும் புளூடூத் கருவி இதைவிடச் சிறிய வட்டம். ஓர் ஆளைச் சுற்றிப் பத்து மீட்டர் அளவில் இயங்குவதால் அதைத் தனிமனித வலையமைப்பு, பான் என்பார்கள்.

இணையம் தனியொரு வலையமைப்பு அன்று. பல்லாயிரம் வலையமைப்புகள், வெவ்வேறு முதலாளிகளுக்குச் சொந்தமானவை, ஒரே விதியை ஏற்றுக்கொண்டு கைகோத்து நிற்பதன் பெயர் அது. அதன் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று டி.சி.பி.-ஐ.பி. என்ற அந்த விதிக்கு மாறியது. நம் நாட்டில் 1992-இல் ஜாரிங் என்ற இணையச் சேவை அந்தக் கையைப் பிடித்தது.

இரண்டாம் கேள்விக்கு உன் ஊகம் சரி. தோட்டம் கம்பி போடவில்லை. பொது இணையத்தின் வழியாகவே போகிறார்கள். ஆனால் ஒவ்வொரு செய்தித் துண்டையும் பூட்டி, இன்னோர் உறைக்குள் இட்டு அனுப்புகிறார்கள். வழியில் உள்ள கருவிகளுக்கு உறையின் மேல் உள்ள முகவரி மட்டுமே தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. இதுதான் வி.பி.என்., அதாவது மெய்நிகர் தனி வலையமைப்பு. பாதை ஊராருடையது, பூட்டும் சாவியும் நம்முடையவை. இங்கே உடைமை என்பது கம்பியிலிருந்து சாவிக்கு இடம் மாறிவிட்டது என்பதால், கம்பிக்கார அண்ணனின் அளவுகோலை நான் முன்பைவிட இப்போது கூடுதலாக மதிக்கிறேன்.

#14 மாலைவகுப்பு ஆசிரியை

நேற்று அந்த வகுப்பை முடித்தேன். மூன்று வட்டங்களை அழித்துவிட்டு, பெரிய தாளில் தோட்டத்தை வரையச் சொன்னேன். ஆபீஸ், இரண்டாம் டிவிஷன், பெரிய சாலை, மூன்றாம் டிவிஷன், லயங்கள், கோயில் மண்டபம், அதற்கு அப்பால் ஈப்போ, கோலாலம்பூர். தோட்டத்துக்குச் சொந்தமான இணைப்புக்குப் பச்சை, வாடகை இணைப்புக்குச் சிவப்பு, வி.பி.என்.-க்குச் சிவப்பின் மேல் பச்சைப் புள்ளிகள். மழைமானிகளுக்கு என்ன நிறம் என்று அரை மணி நேரம் விவாதித்து, பச்சை என்று முடிவு செய்து, அதன் பக்கத்தில் வான் என்றும் எழுதினார்கள். வீடுகளை வரைந்தபோது, வெளியே வரும் கேபிளைச் சிவப்பாகவும், வீட்டு வாசலுக்கு உள்ளே இருப்பதை எல்லாம் பச்சையாகவும் தீட்டியிருக்கிறார்கள். படத்தை மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

#15 ஈப்போ கம்பிக்காரர்

மிக்க மகிழ்ச்சி டீச்சர். ஒரே ஒரு திருத்தம். வாசலில் நிறம் மாறக் கூடாது. வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தால், அது சுவரில் ஒரு சிறு பெட்டியில் வந்து முடியும். ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அந்தப் பெட்டிதான். பெரும்பாலும் அது நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். அதனால்தான் அது பழுதானால் நாமே திறக்காமல் புகார் கொடுத்துக் காத்திருக்கிறோம். அந்தப் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் குட்டைக் கேபிளில்தான் பச்சை தொடங்குகிறது. வீட்டின் லான் ரவுட்டரிலிருந்து தொடங்குகிறது.

#16 மாலைவகுப்பு ஆசிரியை

நன்றி ஐயா. இன்று மாலை பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டின் சிவப்புக் கோட்டையும் வாசலைத் தாண்டிக் கூடத்துச் சுவர் வரை நீட்டிவிட்டார்கள்.